கடல் மட்டத்திலிருந்து குன்சும் கணவாய்க்கு: புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கான ஸ்பிதி பைக் பயண வழிகாட்டி

ஸ்பிதிக்குப் போக நினைக்கும் நம்மூர்க்காரர்கள் முதலில் கேட்பது "எந்த வண்டி எடுக்கலாம்?" என்றுதான். அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் கேட்க வேண்டியது வேறு. எந்தப் பக்கத்திலிருந்து ஏறப்போகிறோம்? ஒவ்வொரு இரவும் எந்த உயரத்தில் படுக்கப்போகிறோம்? புதுச்சேரியிலும் கடலூரிலும் நாம் வாழ்வது கடலோடு கடலாக. கடலூர்க்காரருக்கு கேப்பர் மலை ஏற்றமே மலை. இப்படிப் பழகிய உடம்பை 4,551 மீட்டர் உயரமுள்ள குன்சும் கணவாய்க்குச் சேதாரமில்லாமல் கொண்டுபோய்க் கீழே இறக்குவதுதான் இந்தப் பயணத்தின் பெரிய வேலை. வண்டி ஓட்டுவதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

இடத்தைப் பற்றி இரண்டு வரி. ஸ்பிதி, இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில் இருக்கிறது. இமயமலையின் மழை மறைவுப் பகுதி என்பதால் அது குளிர்ந்த பாலைவனம். மரம் கிடையாது, மண்ணும் சரளையும் உதிர்ந்துகொண்டே இருக்கும் மொட்டை மலைகள்தான். பகலில் வெயில் தோலை உரிக்கும், பொழுது சாய்ந்தால் பல் கிடுகிடுக்கும். சாலை சில இடங்களில் நல்ல தார், சில இடங்களில் வெறும் கூழாங்கல், சில இடங்களில் ஓடையே சாலை.

முதல் படி: மாதம்

குன்சும் கணவாய் குளிர்காலம் முழுக்கப் பனியில் மூடிக் கிடக்கும். மே கடைசியிலோ ஜூனிலோ திறந்து, அக்டோபர் வாக்கில் மறுபடி மூடும். நம்மூர்ப் பள்ளி விடுமுறையை ஒட்டி மே மாதம் கிளம்புகிறவர்கள் சிம்லா பக்கமாக ஸ்பிதியின் முக்கிய ஊரான காசா வரை போய், வந்த வழியே திரும்ப வேண்டியிருக்கும்.

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். ஸ்பிதியில் மழை குறைவுதான். ஆனால் சிம்லா பக்கமாக அங்கே போய்ச் சேரப் பக்கத்து மாவட்டமான கின்னௌரைக் கடக்க வேண்டும், கின்னௌரில் மழைக்காலத்தில் மலை சரியும். 2021 ஆகஸ்ட் 11 அன்று அங்கே நிகுல்சாரியில் நெடுஞ்சாலை மேல் மலை சரிந்து, அரசுப் பேருந்து உட்பட வாகனங்கள் புதைந்தன. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 ஜூலை வெள்ளத்தில் இமாச்சலத்தின் பல சாலைகள் அடித்துக்கொண்டு போயின.

என் தேர்வு செப்டம்பர், அதிலும் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு. வானம் தெளிந்திருக்கும், ஓடைகளில் தண்ணீர் குறைந்திருக்கும். நமக்கு இன்னொரு வசதியும் உண்டு: அக்டோபர் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை இங்கே தொடங்குவதற்குள் வீடு வந்து சேர்ந்துவிடலாம்.

இரண்டாம் படி: எந்தப் பக்கம் ஏறுவது

இந்த ஒரு முடிவு சரியாக இருந்தால் மற்றதில் கொஞ்சம் பிசகினாலும் சமாளிக்கலாம்.

ஸ்பிதிக்கு இரண்டு வாசல். மணாலியிலிருந்து அடல் சுரங்கம், கிராம்பு, குன்சும் வழியாக காசாவுக்குச் சுமார் 200 கி.மீ. சிம்லாவிலிருந்து ராம்பூர், ரெக்காங் பியோ, தாபோ வழியாக அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பலர் குறுக்கு வழி என்று மணாலி பக்கம் ஏறுகிறார்கள். மணாலி 2,050 மீட்டர். அங்கே தூங்கி எழுந்தவர் அன்று மதியமே 4,551 மீட்டரில் நிற்பார். அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் நம் கடற்கரையில் கிடைப்பதில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேல். இரவு காசாவில் தலைவலியோடும் வாந்தியோடும் படுத்துக்கிடப்பவர்களில் இப்படி வந்தவர்கள்தான் அதிகம்.

சிம்லா பக்கம் ஏறினால் உயரம் மெல்ல மெல்லக் கூடும். மலையேறுபவர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு எளிது: 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு ஏறி இறங்கினாலும் பரவாயில்லை, படுக்கும் இடம்தான் கணக்கு.

அதன்படி சண்டிகரிலிருந்து நான் போடும் திட்டம் இது. முதல் இரவு நார்கண்டா, சுமார் 2,700 மீட்டர். இரண்டாம் நாள் ராம்பூருக்கு இறங்கி, சட்லெஜ் நதியை ஒட்டிக் கின்னௌருக்குள் நுழைந்து கல்பா; சுமார் 2,960 மீட்டர். எதிரே கின்னர் கைலாசம். அங்கே இரண்டு இரவு. "ஒரு நாள் வீணாகிறதே" என்று கூட வரும் நண்பர் முணுமுணுப்பார், விட்டுக்கொடுக்காதீர்கள்.

கல்பாவுக்கு அடுத்த தங்கல் எது என்பதில் எனக்கும் பல பயணக் குழுக்களுக்கும் ஒத்துவராது. பெரும்பாலோர் நாகோவில் தங்குகிறார்கள். அழகான ஊர், ஏரி உண்டு. ஆனால் அது 3,660 மீட்டர். கல்பாவிலிருந்து ஒரே தாவலில் 700 மீட்டர். நாகோவில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, 3,280 மீட்டரில் இருக்கும் தாபோவில் போய்ப் படுப்பதே நல்லது. நாள் கொஞ்சம் நீளும், 160 கி.மீ.க்கு மேல் ஓட்ட வேண்டும். விடியற்காலையில் கிளம்பிவிட்டால் போதும். தாபோ மடாலயம் கி.பி. 996இல் கட்டப்பட்டது. நம் ஊர்ப் பக்கம் ராஜராஜ சோழன் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. மண் சுவர்தான், உள்ளே ஆயிரம் ஆண்டு ஓவியங்கள். 1975 நிலநடுக்கத்தில் அடிபட்டும் நிற்கிறது. புகைப்படம் எடுக்க விடமாட்டார்கள். நின்று பாருங்கள்.

தாபோவிலிருந்து காசா 47 கி.மீ.தான். வழியில் தங்கர் மடாலயத்துக்கு ஏறி இறங்கலாம். காசா சுமார் 3,700 மீட்டர். குறைந்தது இரண்டு இரவு. இடைப்பட்ட பகலில் கீ மடாலயம், கிப்பர், சிச்சம் பாலம், லாங்சா, ஹிக்கிம் என்று 4,000 மீட்டருக்கு மேல் சுற்றிவிட்டு, இரவு காசாவுக்கே இறங்கிவிடுங்கள். குன்சுமுக்கு அதுதான் ஒத்திகை. லாங்சாவில் சிறுவர்கள் கடல் நத்தை போன்ற கல் படிமங்களை விற்க வருவார்கள். இமயமலை எழுவதற்கு முன் அங்கே கடல் இருந்ததற்கான சாட்சி அவை. திருவக்கரையில் கல்லான மரங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஆசை வரத்தான் செய்யும். வாங்காதீர்கள், எடுத்தும் வராதீர்கள்.

காசாவுக்குப் பிறகு லோசர் வழியாக குன்சும் ஏறி, சந்திரதால் ஏரிக்குச் சற்றுத் தள்ளியுள்ள கூடாரங்களில் ஓர் இரவு. அந்த ஏரி 4,250 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கல்பாவிலோ காசாவிலோ யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருந்திருந்தால் சந்திரதாலை வெட்டிவிடுங்கள். மறுநாள் பாத்தல், சத்ரு, கிராம்பு, அடல் சுரங்கம், மணாலி. இதற்குமேல் இரண்டு நாள் உபரியாகக் கையில் இருக்க வேண்டும். ஒரு மலைச்சரிவு சாலையை அரை நாளும் அடைக்கும், இரண்டு நாளும் அடைக்கும்.

மூன்றாம் படி: உடம்பு

இரண்டு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். தினம் முக்கால் மணி நேரம் வேகநடை அல்லது சைக்கிள், வாரம் இரண்டு நாள் படிக்கட்டு. செஞ்சி ராஜகிரிக் கோட்டையை நிற்காமல் ஏறி இறங்க முடிந்தால் கால் தயார். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது: நல்ல உடற்பயிற்சி உயர நோயைத் தடுக்காது. தினம் ஓடுகிற இளைஞர் படுத்துவிடுவார், தொந்தி வைத்த அண்ணன் சிரித்துக்கொண்டிருப்பார். முன்கூட்டிச் சொல்ல முடியாது.

கிளம்புமுன் மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், இதயம், ஆஸ்துமா இருந்தால் கட்டாயம். உயர நோயைத் தடுக்க உதவும் அசிட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா, எந்த அளவு என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதைச் சொல்லியே ஆக வேண்டும். விரல் நுனி மரத்தல், அடிக்கடி சிறுநீர் போவது அதன் வழக்கமான பக்கவிளைவுகள். முதல் மாத்திரையை மலையில் போய்ப் போடாமல் வீட்டிலேயே ஒருநாள் போட்டுப் பார்க்கலாமா என்றும் கேளுங்கள்.

மலையில் தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை சேர்ந்தால் அது உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறாதீர்கள். ஒருநாள் இருந்து பாருங்கள். நடக்கும்போது தள்ளாடினால், பேச்சு குழறினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால் அது உயிருக்கு ஆபத்து. உடனே இறங்க வேண்டும், இரவானாலும் சரி. சந்தேகமாக இருந்தால் ஒரு கோட்டின்மேல் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொல்லிப் பாருங்கள்.

எந்தப் பக்கம் இறங்குவது என்பதையும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். காசாவில் ஒருவருக்கு முடியவில்லை என்றால், "மணாலி கிட்டக்கத்தானே" என்று குன்சும் பக்கம் கிளம்பக்கூடாது. அது இன்னும் 850 மீட்டர் மேலே போகும் வழி. முதலில் காசா அரசு மருத்துவமனை, பிறகு ஜீப் பிடித்து தாபோ, ரெக்காங் பியோ திசை. சந்திரதாலில் முடியவில்லை என்றால் பாத்தல், சத்ரு பக்கம் இறங்க வேண்டும். இரண்டிலும் நோயாளி பைக் ஓட்டக்கூடாது, பின்சீட்டிலும் உட்காரக்கூடாது.

தண்ணீர் விஷயத்தில் நம் உடம்பே நம்மை ஏமாற்றும். இங்கே வியர்வை சட்டையை நனைத்து, தண்ணீர் குடி என்று நினைவூட்டும். அங்கே வியர்வை வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடும். தாகம் எடுக்காவிட்டாலும் நாளுக்கு மூன்று, நான்கு லிட்டர். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் போதவில்லை என்று பொருள். மது வேண்டாம். பாண்டி விலையை நினைத்துப் பையில் பாட்டில் வைக்கிறவர்களுக்கு இரட்டைத் தலைவலி: வழியெல்லாம் மாநில எல்லைகளில் கலால் சோதனை, மேலே போனால் மூச்சும் தூக்கமும் கெடும்.

நான்காம் படி: வண்டி

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம். 150 சிசி வண்டியிலும் ஸ்பிதி போய்வருகிறார்கள். உயரம் கூடும்போது, டர்போ இல்லாத எந்த எஞ்சினும் ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் இழுவையை இழக்கும். குன்சுமில் உங்கள் வண்டி பாதிக்கு மேல் கொஞ்சம் பலத்தோடுதான் ஏறும். ஆகவே சிறிய வண்டியில் பின்னால் ஆளையும் மூட்டையையும் ஏற்றாதீர்கள். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள வண்டி கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டர் வண்டி புகை தள்ளித் திணறும். தரையிலிருந்து நல்ல உயரம், வயிற்றுப் பக்கம் எஞ்சின் காப்புத் தகடு, தேய்மானம் இல்லாத டயர்: இவை சிசியைவிட முக்கியம்.

கடற்கரை வண்டிகளுக்கு என்று ஒரு தனிச் சோதனை இருக்கிறது. உப்புக்காற்று நம் வண்டிகளை வெளியே தெரியாமல் தின்னும். ஸ்போக் நிப்பிள்கள், சைலன்சர் போல்ட்டுகள், ஸ்டாண்டு இணைப்பு, பேட்டரி டெர்மினல், ஒயர் கப்ளர்களுக்குள் பச்சைப் பூஞ்சை போலப் படிந்த களிம்பு, கிளட்ச் ஒயரின் உறைக்குள் துரு: ஈ.சி.ஆரில் ஓடும்வரை இவை காட்டிக்கொடுக்காது, கூழாங்கல்லில் ஒரு நாள் அடிவாங்கினால் ஒவ்வொன்றாகக் கழலும். கிளம்ப மூன்று வாரம் முன்பு மெக்கானிக்கிடம் விட்டு, முன்சொன்னதைத் தனியாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். செயின் செட், பிரேக் பேடு, பிரேக் ஆயில், கூலன்ட் மாற்றிவிட்டு, குறைந்தது 500 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். பழுது பார்த்த வண்டியை நேரே ரயிலில் ஏற்றாதீர்கள்.

கையோடு: கிளட்ச் ஒயர், ஆக்சிலேட்டர் ஒயர், இரண்டு டியூப், டயர் கழற்றும் கம்பி, கைப்பம்பு, ஸ்பார்க் பிளக், செயின் லாக், ஃபியூஸ், கிளட்ச்-பிரேக் லீவர், எம்-சீல், இன்சுலேஷன் டேப், ஜிப் டை. பின்சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றுவதை நம்மூர் பஞ்சர் கடை வாசலில் உட்கார்ந்து நீங்களே ஒருமுறை செய்துவிடுங்கள். அண்ணன் திட்டிக்கொண்டே சொல்லிக்கொடுப்பார்.

ஐந்தாம் படி: வண்டியை வடக்கே சேர்ப்பது

ஓட்டிக்கொண்டே போவது என்றால் டெல்லிக்கே 2,300 கி.மீ.க்கு மேல். லீவு நிறைய இருப்பவர்களுக்கு மட்டும்.

ரயில் பார்சல் நடைமுறையில் நல்ல வழி. புதுச்சேரியிலிருந்து டெல்லிக்கு வாராந்திர ரயில் இருக்கிறது. சென்னை சென்ட்ரலிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் போன்றவை தினமும் போகின்றன. வாரம் ஒருமுறை ஓடும் ரயிலில் இடம் தவறினால் ஒரு வாரம் போச்சு. அதனால் கடலூர்க்காரர்களும் புதுச்சேரிக்காரர்களும் சென்னை வரை ஓட்டிப்போய்க் கொடுப்பது மேல். ஆர்.சி., அடையாள அட்டை நகல்கள் வேண்டும். பெட்ரோலை முழுக்க வடித்துவிட வேண்டும். கண்ணாடிகளைக் கழற்றி, வைக்கோலும் சாக்கும் சுற்றி, பெயரும் சேரும் நிலையமும் எழுதிய அட்டையைக் கட்டுவார்கள். வண்டி நீங்கள் போகும் அன்றே வரும் என்று நம்ப வேண்டாம். நான்கைந்து நாள் முன்பே அனுப்புங்கள்.

மூன்றாவது வழி, சண்டிகரிலோ சிம்லாவிலோ வாடகை. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கிறதா, ஸ்பிதி சுற்று முடித்து மணாலியில் விட முடியுமா என்று கேட்டுக்கொண்டு, வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இந்தியர்களுக்கு ஸ்பிதிக்கு உள்நுழைவு அனுமதி தேவையில்லை. ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று எல்லாம் அச்சடித்த நகலாகவும் இருக்கட்டும். போனில் இருப்பது சிக்னல் இல்லாத இடத்தில் உதவாது.

ஆறாம் படி: பக்கத்திலேயே ஒத்திகை

வளைவுகளுக்குக் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவுகள். மூட்டை முழுதும் கட்டிக்கொண்டு ஏறி, இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாம் கியரில் எஞ்சினே பிடித்து இறக்கப் பழகுங்கள். கரடுமுரடுக்குக் கல்வராயன் மலையின் உள்கிராமச் சாலைகள். வானூர், ஆரோவில் பக்கத்துச் செம்மண் தடங்கள் தூளாக இருக்கும். ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று, முழங்காலால் டேங்கைப் பிடித்து, சீரான ஆக்சிலேட்டரில் போகக் கற்க அவை போதும். சரளையில் முன்பிரேக்கைத் தொடாதீர்கள். பார்வை முன்சக்கரத்தில் இருந்தால் விழுவீர்கள். பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

ஏழாம் படி: மூட்டை

குறையுங்கள். ஒட்டிய உள்ளாடை, கம்பளி அல்லது ஃப்ளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத சட்டை என்று மூன்று அடுக்கு, முழுமுகத் தலைக்கவசம், இரண்டு ஜோடி கையுறை, கணுக்கால் மூடும் பூட்ஸ். உதடும் மூக்கின் உட்புறமும் வெடிக்கும். தேங்காய் எண்ணெய் குளிரில் கல்லாகிவிடும், வாசலின் எடுத்துக்கொள்ளுங்கள். சன்ஸ்கிரீன் பெண்களுக்கான பொருள் என்று சிரிக்கும் ஆண்கள் மூன்றாம் நாள் கடன் கேட்பார்கள்.

சாப்பாட்டுக்கு அங்கே சோறும் பருப்பும் ராஜ்மாவும் ரொட்டியும் துக்பா என்கிற நூடுல்ஸ் சூப்பும் கிடைக்கும். தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாத இடங்களில் சோறு விதை விதையாகத்தான் இருக்கும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், கடலை மிட்டாய் கொஞ்சம் இருந்தால் மனசு ஆறும். ரொக்கம் வேண்டும், காசாவில் ஏ.டி.எம். உண்டு, அதில் எப்போதும் பணம் இருக்கும் என்று சொல்ல முடியாது.

பெட்ரோல்: ரெக்காங் பியோவுக்குக் கீழே பொவாரியில் டேங்கை நிரப்புங்கள். அடுத்து நம்பக்கூடியது சுமார் 200 கி.மீ. தள்ளி காசாவில்தான். காசாவிலும் நிரப்பிக்கொள்ளுங்கள், மணாலி வரை அதே தூரம்.

எட்டாம் படி: குன்சுமிலிருந்து கிராம்பு வரை

பயணத்தின் கடினமான பகுதி பாத்தலிலிருந்து கிராம்பு வரையுள்ள சுமார் 50 கி.மீ. அகலப்படுத்தும் வேலை நடந்தாலும், பெரும்பகுதி சந்திரா நதியின் உருண்டைக் கற்கள்மேல் ஓடும் தடம். மணிக்குப் பத்துப் பதினைந்து கி.மீ. வேகம் கிடைத்தால் நன்று. நாள் முழுவதையும் இதற்கே ஒதுக்குங்கள்.

இங்கே நேரம்தான் எல்லாம். வழியில் குறுக்கிடும் ஓடைகள் பனிப்பாறை உருகி வருபவை. காலையில் கணுக்கால் அளவு ஓடும் அதே ஓடை, வெயில் ஏறி மதியம் தாண்டினால் முழங்காலுக்கு மேல் போகும். ஆறு மணிக்குக் கிளம்பி, பெரிய ஓடைகளை மதியத்துக்குள் கடந்துவிடுங்கள். தாமதமாகிவிட்டால் பாத்தலிலோ சத்ருவிலோ தங்கிவிட்டு விடிந்ததும் கடக்கலாம்.

கடக்கும் முறை: வண்டியை நிறுத்தி இறங்குங்கள். முதலில் ஒருவர் நடந்து பார்க்கட்டும். ஜீப் சென்ற தடம் இருந்தால் அதில் பெரிய கற்கள் நசுங்கி அமர்ந்திருக்கும். தண்ணீர் தெளிந்து சலசலக்கும் அகலமான இடம் ஆழம் குறைவு. சத்தமில்லாமல் வழுக்கிப்போகும் குறுகிய இடம் ஆழம் அதிகம். முதல் கியர், சீரான ஆக்சிலேட்டர், நடுவில் கிளட்ச் பிடிக்கக்கூடாது. ஒருவர் கடக்கும்போது இருவர் நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் விலகி நிற்கட்டும். வண்டிக்கு நேர் கீழே நிற்கக்கூடாது. வண்டி சாய்ந்து எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் செல்ஃப் அடிக்காதீர்கள். தள்ளிக் கரையேற்றி, பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான்.

குறுகிய சாலையில் ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். லாரி வந்தால் மலைப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்தாக்குப் பக்க விளிம்பு மண் எப்போது இடியும் என்று தெரியாது.

ஒன்பதாம் படி: மணாலியில் இறங்கியதும்

அறைக்குப் போகுமுன் வண்டியைப் பாருங்கள். ஏர் ஃபில்டரில் ஸ்பிதி முழுவதும் இருக்கும், தட்டிச் சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். எஞ்சின் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மாற்றாமல் டெல்லி வரை ஓட்டக்கூடாது. சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்தால் பேரிங் ஆட்டம் தெரிந்துவிடும். ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள், டொக்கென்று செத்த சத்தம் தருவது தளர்ந்தது. டெல்லியில் பார்சலுக்குக் கொடுக்கும்போது பெட்ரோலை மறுபடி வடிக்க வேண்டும் என்பதால், சண்டிகருக்குப் பிறகு டேங்கை நிரப்பாமல் அளவாக ஊற்றிக்கொள்ளுங்கள்.